ஒரு கொப்பிக்கு இரண்டு நெஞ்சு

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மலை தெரியவில்லை, எதிர் லயத்து வீட்டு வரிசைகூடத் தெரியவில்லை. நான் வேலை செய்யும் பிள்ளைமடுவத்தில் கூரை ஒழுகுகிறது. தொட்டில்களை மூன்று தடவை இழுத்து இடம் மாற்றினேன். பதினொரு பிள்ளைகள், நாலு பேருக்கு மூக்கொழுக்கு. தகரம் கேட்டுத் தோட்டத்துத் தொரைக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டும். நாலாவது.

இவருக்கு இருமல் குறைந்தபாடில்லை. மூன்று மாதமாகிறது. சளி வராத வறட்டு இருமல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போகிறார், பிடித்துக்கொண்டே திரும்பி வருகிறார். கேட்டால் "பனி" என்கிறார். பொகவந்தலாவையில் பனி இல்லாத நாள் எது?

வேலை விட்டு வந்ததும் முதுகில் தைலம் தேய்த்தேன். குனிந்தபோது காது முதுகில் பட்டது. உள்ளே ஒரு சத்தம். கையை எடுத்துவிட்டுக் காதை நன்றாக வைத்துக் கேட்டேன்.

"என்னா தேவி, முதுகுலேயே படுத்துட்ட?"

"பேசாம மூச்ச இழுங்க."

மூச்சை இழுத்து முடிக்கிற இடத்தில்தான் வருகிறது. விடும்போது இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் போட்ட மலையில் காய்ந்த குச்சிமேல் நடந்தால் காலடியில் வருமே, அதே சத்தம். இரண்டு பக்கமும். முதுகின் அடியில் அதிகம்.

அவரிடம் சொல்லவில்லை. ரொட்டி சுட்டேன். சம்பலில் உப்பு கூடிவிட்டது.


ஜூன் 4, புதன்

மழை விட்டும் விடாமலும்.

பைத்தியக்காரி மாதிரி இன்று பதினொரு பிள்ளைகளின் முதுகிலும் காது வைத்தேன். மூக்கொழுகும் நாலு பேருக்கும் உள்ளே கரகரவென்று சளிச் சத்தம். மற்றவர்களுக்கு வெறும் காற்று. குச்சிச் சத்தம் ஒருவருக்கும் இல்லை.

"டீச்சர், என்னா கேக்குறீங்க?" என்றாள் பெரியவள், நாலு வயது.

"உள்ளுக்குள்ள ரயில் ஓடுதான்னு பாக்குறேன்."

அதோடு போச்சு. ரயில் கேட்கச் சொல்லி எல்லாரும் சட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சிரித்தேன். இவருடைய முதுகு நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.


ஜூன் 6, வெள்ளி

காற்று. துணி காயவில்லை.

சாப்பிடும்போது இவராகவே சொன்னார். ஏழாம் நம்பர் மலையில் ஏறும்போது பின்னால் யாரோ நடந்து வருகிறார்களாம். பத்து நாளாக.

"யாரு?"

"தெரியாது. திரும்புனா ஆளு இல்ல. குச்சி மேல மிதிச்சு வர்ற மாதிரி இருக்கு. அந்த மலை கவ்வாத்து வெட்டி ரெண்டு வருஷமாச்சு. குச்சி ஏது?"

கோப்பையை வைத்துவிட்டேன்.

"நான் நின்னு மூச்சப் பிடிச்சேன்னா அவனும் நின்னுர்றான்" என்றார். சாதாரணமாகச் சொன்னார், பஸ் லேட் என்று சொல்கிற மாதிரி.

இருபத்தாறு வருடமாகக் கூட வாழும் மனிதர். முப்பது பெண்களைக் கொழுந்து எடுக்க வைக்கிற கங்காணி. பேய்க்கதை பேசுகிறவர்களைத் திட்டுகிறவர். அவர் கேட்பதும் நான் கேட்டதும் ஒன்றா? சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், அவர் கை கழுவப் போய்விட்டார்.

பக்கத்துக் காம்பரா லெச்சுமி அக்கா சீனி கேட்டு வந்தார். போகும்போது மெதுவாக, "தங்கச்சி, கங்காணி மூஞ்சி ஏன் இப்பிடி ஆயிருச்சு? செத்த ஆளு மூஞ்சி மாதிரி நீலமா இருக்கே" என்றார். எனக்குக் கோபம். ஆனால் பார்த்தேன். மூக்கும் கன்னமும் ஈயச் சட்டி நிறம். சட்டைக் கொலருக்குக் கீழே பழைய நிறமே. கோடு கிழித்த மாதிரி. தினமும் பார்க்கிற முகம், எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்?


ஜூன் 8, ஞாயிறு

பாலன் வந்தான். இவருடைய தம்பி, இரண்டு வயது இளையவன். கொட்டகலை பஜாரில் போன் திருத்தும் கடை. பாணும் வாழைப்பழமும் கொண்டு வந்தான். பதினேழாம் தேதி கிளினிக், டொக்டர் எழுதிக் கொடுக்கிற நோட்டுக் கொப்பியை எடுத்துப்போக வந்திருக்கிறான்.

இதை எங்கேயும் எழுதியதில்லை. இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள்.

போன வருடம் பங்குனியில் இவர் மலையில் மயங்கி விழுந்தார். இதயத் துடிப்பு தாறுமாறு என்று டவுன் ஆஸ்பத்திரியில் எட்டு நாள். துடிப்பை ஒழுங்காக்க ஒரு மாத்திரை. மாதாமாதம் கிளினிக். முதல் மாதம் இவரே போனார். அங்கே டொக்டர், மலை ஏறக்கூடாது, தோட்டத்துக்குக் கடிதம் தருகிறேன், இலகு வேலை கேளுங்கள் என்றிருக்கிறார். இவருக்கு அது போதும். இலகு வேலை என்றால் கங்காணி வேலை போய்விடும், ஸ்டோர் வாசலைக் கூட்ட வேண்டும். கடிதம் வேண்டாம் என்று ஓடிவந்தவர் அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை.

பிரஷர் மாத்திரை மாதிரி இல்லை, ஆளைப் பார்க்காமல் இந்த மாத்திரையைத் தர மாட்டார்கள். அதனால் பாலன். அதே மூக்கு, அதே வழுக்கை. இவர் பெயரைச் சொல்லி "செல்லையா" என்று கூப்பிட்டால் எழுந்து போய் உட்காருவான். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது பாலனுக்கு. ஈசிஜி பாலனுக்கு. இரத்தம் பாலனுடையது. சித்திரையில் எக்ஸ்ரே எடுத்ததும் பாலனுக்குத்தான். "மருந்து அருமையா வேல செய்யுதாம் அண்ணி, டொக்டருக்கு ரொம்பச் சந்தோசம்" என்று அன்று வந்து சொன்னான். மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

மாத்திரையை மட்டும் இவர் விழுங்குகிறார். ஒரு நாள் தவறியதில்லை. நான் தவற விட்டதில்லை.

இன்று பாலனைத் தின்னும்போதே திரும்பச் சொல்லி முதுகில் காது வைத்தேன். பயந்துவிட்டான். உள்ளே ஒன்றும் இல்லை. காற்று போகிறது, வருகிறது. கிளினிக் கொப்பியில் மாதாமாதம் எழுதியிருப்பது இந்த அமைதியைத்தான்.


ஜூன் 10, செவ்வாய். போயா

பௌர்ணமி லீவு. மழை இல்லை, மூட்டம் மட்டும்.

மூட்டத்தால் பகலிலேயே லைட் போட்டேன். இவர் பல்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்த வளையத்தக் கழட்டிப் போடு" என்றார். எந்த வளையம்? பல்பைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் இருக்கிறதாம். கோயில் விளக்கைச் சுற்றியும் இருந்ததாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பல்பைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அப்போதும் இருக்கிறதாம்.

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்:
குச்சிச் சத்தம்.
பின்னால் நடக்கிறவன்.
நீல முகம்.
வளையம்.
வறட்டு இருமல்.
சோறு பாதித் தட்டோடு சரி.

எழுதி முடித்ததும் யாரோ ஒருவரைப் பற்றி எழுதிய மாதிரி இருக்கிறது. என் புருஷனைப் பற்றி அல்ல, அவருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி வருகிற வேறொருவனைப் பற்றி.


ஜூன் 13, வெள்ளி

லெச்சுமி அக்கா விடவில்லை. பூண்டுலோயாவில் இருந்து குறி சொல்கிற கோடாங்கி வந்திருந்தார், மேல் லயத்தில் யாருக்கோ பார்க்க. அப்படியே நம் காம்பராவுக்கும் அழைத்து வந்துவிட்டார். பொழுது சாயும் நேரம். நான் பிள்ளைமடுவத்துக் கணக்கு எழுத வேண்டும் என்றேன். யார் கேட்டார்கள்?

கோடாங்கி இவரைப் பலகையில் உட்கார வைத்து உடுக்கு அடித்தார். சின்ன ஆள், இருமல்காரர் மாதிரி குரல். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"ஒரு பேருக்கு ரெண்டு ஆளு நிக்கிறாங்க இங்க. ஒருத்தன் நிக்க வேண்டிய எடத்துல இன்னொருத்தன் நிக்கிறான். திங்கிறது ஒருத்தன், கணக்குக் காட்டுறது ஒருத்தன்."

மாத்திரை வாங்கி வருவது பாலன் என்று லயத்துக்கே தெரியும், லயத்தில் பாதிப்பேர் சீனி மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் அப்படித்தான் ஆள் விட்டு எடுக்கிறார்கள். ஆனால் இவர் பெயரைச் சொல்லி உட்கார்ந்து நெஞ்சைக் காட்டுகிறான் என்பது எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. கோடாங்கிக்கு எப்படி?

உடுக்கு நின்றது. காம்பரா அமைதியானது. அப்போது கேட்டது. காது வைக்காமலே. குச்சியில் கால் வைக்கிற சத்தம், மூச்சுக்கு ஒன்றாக. எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். லெச்சுமி அக்கா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், யார் வருகிறார்கள் என்று.

கோடாங்கி கறுப்புச் சேவலும் மூன்று எலுமிச்சையும் கேட்டிருக்கிறார். இவர் கயிறு கட்டிக்கொண்டார். பயப்படுகிறார். இவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது.


ஜூன் 15, ஞாயிறு

பாலன் மறுபடியும். அவனுடைய போனில் மாத்திரையின் பெயரைத் தட்டச் சொன்னேன். கடதாசிப் பையில் டிஸ்பென்சரி எழுத்து, கோழி கிளறிய மாதிரி. அமியோடரோன். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் சித்தியடைந்தவள் நான், தட்டுத்தடுமாறி வாசித்தேன்.

நெஞ்சுக்குள் நுரையீரல் தடித்துப் போகலாம். சிலருக்கு. மூச்சு இழுக்கும்போது முறுமுறுவென்று சத்தம். வறட்டு இருமல். வெயில் படுகிற தோல் நீலச் சாம்பலாகும். விளக்கைச் சுற்றி வளையம்.

என் வரிசை. நான் போயா அன்று எழுதிய வரிசை, அப்படியே ஒரு கண்ணாடிக்குள். பேய் பிசாசு ஒன்றுமில்லை. என் கையால் தினமும் தண்ணீரோடு கொடுத்தது.

அடியில் இன்னும் ஒன்று: இதனால்தான் இடைக்கிடை நெஞ்சைப் பார்க்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இரத்தம் பார்க்க வேண்டும். எல்லாம் பார்த்தார்கள். ஒழுங்காகப் பார்த்தார்கள். பாலனை.

பாலன் போனைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். "அண்ணி, நான் என்னா செஞ்சுட்டேன்" என்றான். நாற்பத்தெட்டு வயது ஆள் அழுதான்.

இவரிடம் நாளைக்கே ஆஸ்பத்திரி என்றேன்.

"போய் என்னான்னு சொல்ல? இத்தன மாசம் வந்தது நான் இல்லன்னா? பாலன உள்ள போடுவாங்க. கொப்பியக் கிழிப்பாங்க."

"மூச்சு நின்னுருச்சுன்னா கொப்பி எதுக்குங்க?"

வாயைத் திறந்தார். இருமல்.

மாத்திரையை நிறுத்தினால் இதயம் மறுபடி தாறுமாறாகும். கொடுத்தால் நெஞ்சு. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். கடைசியில் கொடுத்தேன். கொடுத்ததை எழுதிவைக்கிறேன், பிறகு நானே மறுக்கக்கூடாது என்று.


ஜூன் 16, திங்கள்

ஏழாம் நம்பர் மலை. பத்து மணிக்கு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. பெண்கள் கொழுந்து கட்டும் படங்குத் துணியில் வைத்துத் தூக்கி வந்து ரோட்டில் என்னோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். உதடும் நீலம். டவுன் வரைக்கும் என் தோளில் சாய்ந்து ஒவ்வொரு வளைவிலும் அதே சத்தம். "வந்துட்டான், ஆட்டோவுலயும் வந்துட்டான்" என்றார்.

பத்தாம் நம்பர் வார்ட். ஒக்சிசன். யாழ்ப்பாணத்து டொக்டர், சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறார், புதிதாக வந்தவராம்.

"எத்தனை மாசமா இருமல்?"

"மூணு மாசமுங்க."

முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். நெடுநேரம். முகம் மாறியது. புது எக்ஸ்ரே. கிளினிக்கில் இருந்த பழைய எக்ஸ்ரேயை எடுத்து லைட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று கறுப்பு, தெளிவு. மற்றது முழுக்க வெள்ளை மூட்டம்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒண்டும் இல்லையே" என்று தனக்குத்தானே சொன்னார். "அப்ப இது திடீரெண்டு வந்தது. கிருமியாத்தான் இருக்கும்."

சொல்ல வாயைத் திறந்தேன். இவர் கட்டிலில் இருந்து என் கையைப் பிடித்து அமுக்கினார். வாயை மூடிக்கொண்டேன்.


ஜூன் 17, செவ்வாய்

கிருமிக்கு ஊசி. நாலு வேளை. மாற்றமில்லை. இதய மாத்திரையும் தொடர்கிறது, காலையில் சின்னக் கப்பில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பாலன் வாசல்வரை வந்து கொப்பியைக் கொடுத்தான், உள்ளே வரவில்லை. யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களாம்.

பதினொரு மணிக்குக் கிளினிக் நர்ஸ் மிஸ் ஒருவர் ஏதோ வாங்க வார்டுக்கு வந்தார். கட்டில் அட்டையில் பெயரைப் பார்த்துச் சிரித்தபடி கிட்ட வந்தார், தெரிந்த ஆளிடம் வருகிற மாதிரி. முகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டை. மறுபடி முகம்.

"மே செல்லையாத?" என்றார் சிங்களத்தில், இவரா செல்லையா என்று.

"ஓவ் மிஸ்" என்றேன், ஆமாம் என்று.

பின்பக்கமாகவே இரண்டடி வைத்தார். செத்தவரைப் பார்த்த மாதிரி போய்விட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பேரில் யார் செல்லையா என்று ஒரு நிமிடம் எனக்கே குழம்பியது. நல்ல உடம்போடு மாதாமாதம் இங்கே வந்துபோனானே, இவர்களுக்கு அவன்தான் செல்லையா.


ஜூன் 18, புதன்

ஒக்சிசனைக் கூட்டிவிட்டார்கள். ஒரு வசனம் பேச இரண்டு தடவை நிற்கிறார்.

காலை டொக்டர் இரண்டாவது வகை ஊசி எழுதிக்கொண்டிருந்தார். மாத்திரைக் கப்போடு மிஸ் வந்தார். இவர் கையை நீட்டினார், பழக்கம். நான் கப்பைத் தட்டிவிட்டேன். மாத்திரை கட்டிலுக்கு அடியில் உருண்டது. வார்டே திரும்பிப் பார்த்தது.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

சொன்னேன். எல்லாவற்றையும். கடிதத்துக்குப் பயந்தது, பாலன், ஈசிஜி, எக்ஸ்ரே, போனில் வாசித்தது. நின்றுகொண்டே சொன்னேன், பிள்ளைமடுவத்தில் தவறு செய்த பிள்ளை மாதிரி. இவர் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டொக்டர் கொப்பியைப் புரட்டினார். பக்கம் பக்கமாக.

"அப்ப இந்தக் கொப்பியில இருக்கிறது ஆற்ற நெஞ்சு?"

"என் கொழுந்தனோடதுங்க."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. பேனையை மூடி வைத்து, இரண்டு கையாலும் கண்ணைத் தேய்த்தார். பிறகு பெரிய டொக்டருக்குப் போன். ஆங்கிலத்தில் வேகமாக. அந்த மாத்திரையை வெட்டிவிட்டார்கள், வேறு மருந்து தொடங்கினார்கள். இதயத் துடிப்பு பார்க்கும் மெஷின் பக்கத்தில் வந்தது.

"இனிக் குடுக்க மாட்டீங்கதானே, சரியாயிருமா?"

"அது உடம்பை விட்டுப் போக மாசக்கணக்காகும் அம்மா. நிப்பாட்டினாலும் உள்ளுக்க இருக்கும். நுரையீரல் எவ்வளவு திரும்பும் எண்டு இப்ப சொல்லேலாது."

உள்ளே இருக்கும். நாங்கள் வெளியே விட்டாலும் அது நடந்துகொண்டிருக்கும். பாலனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "உள்ள வா, உன்ன யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்றேன். வருகிறானாம்.


ஜூன் 19, வியாழன்

வெயில். பதினாறு நாளைக்குப் பிறகு.

காலையில் டொக்டர் ஒரு கதிரையை இழுத்துக் கட்டிலோடு போட்டு உட்கார்ந்தார். மடியில் புதுக் கொப்பி. முதல் பக்கம், பெயர் மட்டும் எழுதியிருந்தது. பாலனும் நானும் கால்மாட்டில்.

"ஐயா, நான் உங்களைத்தான் கேக்கிறன். மெதுவாச் சொல்லுங்கோ. இருமல் எப்ப தொடங்கினது?"

இவர் என்னைப் பார்த்தார். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார்.

"ஏழு மாசமுங்க."

டொக்டர் பேனையை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுல இரும மாட்டேன்" என்றார் இவர். மூச்சு வாங்கினார். "மலையில போய் இருமிட்டு வருவேன். தேவி பயந்துரும்னு."